தானே பிடித்துக்கொள்ளும் சுவிட்ச்

எலக்ட்ரிக்கல் படிக்கிறவனுக்கு எச்.ஐ.வி.யோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நம் லேபில் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் காண்டாக்டர் இழுக்கும். பிறகு அதன் சொந்தக் காண்டாக்டே காயிலுக்குச் சப்ளை கொடுக்கும். கையை எடுத்தாலும் மோட்டார் ஓடும்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்த அந்தக் கிருமியும் இதே வேலையைத்தான் செய்கிறது. நம் வெள்ளையணுவின் டி.என்.ஏ.வுக்குள் தன் மரபுச் செய்தியைச் செருகிவிடுகிறது. அணு அதை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்க ஆரம்பித்தாலும் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடும். தப்பித் தவறி முழுசாக வருகிற ஒன்றிரண்டிலிருந்து 'டாட்' என்ற சின்னப் புரதம் பிறக்கிறது. அது புது ஆர்.என்.ஏ.வின் முனையில் உள்ள 'டார்' என்ற வளைவில் ஒட்டிக்கொண்டு, சைக்ளின் டி1, சி.டி.கே.9 என்ற நம் அணுவின் புரதங்களையே இழுத்துவந்து, நின்ற வேலையை ஓடவைக்கிறது. ஆர்.என்.ஏ. கூடக் கூட டாட் கூடும். டாட் கூடினால் ஆர்.என்.ஏ. இன்னும் கூடும். ஹோல்டிங் காண்டாக்ட்தான், வேறென்ன!

அடுத்தது 'ரெவ்'. வெட்டி ஒட்டாத நீள ஆர்.என்.ஏ.வை உட்கருவிலிருந்து வெளியே கொண்டுவருவது அதன் வேலை. அது வந்த பிறகே புது வைரஸின் உடம்பு தயாராகும்.

எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எந்தச் சந்தேகமும் என்னிடம்தான் வரும். லாரி ஓட்டும் மாமா, "மாப்ள, டெஸ்ட்டுல கிருமியே தெரியலையாம். மாத்திரைய நிறுத்திடலாமாடா?" என்றார்.

"வேணாம் மாமா" என்றேன். சில அணுக்கள் உறங்கிவிடும். அங்கே டாட் குறைந்து காண்டாக்டர் விட்டுவிடும். ஆனால் வயரிங் அப்படியே இருக்கும். மாத்திரை ஓடுகிற வைரஸைத்தான் தடுக்கும், படுத்திருப்பதைத் தொடாது. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும். ஒழுங்காகச் சாப்பிட்டு, டெஸ்ட்டில் தெரியாத அளவிலேயே இருந்தால், உடலுறவிலும் அடுத்தவருக்குப் பரவாது.

2004 ஏப்ரல் 1-இல் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கிய இடங்களில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. ஒரகடத்திலிருந்து ஒரு பஸ் தூரம். மருந்து கிடைக்கிறது, பயம்தான் போகவில்லை. கம்பெனி வேலைக்கு வந்து ஒரே ரூமில் ஏழெட்டுப் பேராகத் தங்குகிறோம். அதில் ஒருவர் டப்பாவைத் துணிக்குள் ஒளித்துவைத்து மாத்திரை விழுங்கினால், நண்பர்களே, அவருடைய டம்ளரைத் தனியாக வைக்காதீர்கள். டம்ளரில் இது ஒட்டாது. மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துங்கள், போதும்.