விளிம்பு மாறும் நேரம்

சான்பிரான்சிஸ்கோ, புனித அசிசி பிரான்சிசின் பெயரைத் தாங்கிய நகரம். பிரான்சிஸ்கன் துறவியர் 1776-இல் அங்கு நிறுவிய மறைப்பணித்தளத்தின் பழைய ஆலயம் இன்றும் நிற்கிறது. அந்நகரின் தெருக்கள் பல கூரைபோல் சரிந்தவை. ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதி 100 அடித் தொலைவுக்கு 31 அடிக்கும் மேலாக ஏறுகிறது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

அங்கு வாழும் என் மகள் ஒரு நாள் தொலைபேசியில் அழுதாள். "அப்பா, நீங்க வந்து சொன்னாத்தான் அவன் கேப்பான்." அவள் கணவர் இறந்து ஓராண்டு நிறையப் போகும் வேளை அது. பதினேழு வயதுப் பேரன் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஞாயிறு காலையில் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போய்விடுகிறான். அவனுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரைகளை விமானத்திலேயே வரிசைப்படுத்திக்கொண்டேன்.

முதல் ஞாயிறன்று அவனுடனேயே நடந்தேன். வண்டிகள் அதிகம் வராத ஒரு சாய்வுத் தெரு. பலகையைத் திருப்பிக் காட்டினான். சாதாரணச் சறுக்குப் பலகைக்கு நான்கு சக்கரங்கள், இதற்கு ஆறு. நடுவே உள்ள இரண்டும் எத்திசையிலும் சுழலக்கூடியவை. ஓரத்துச் சக்கரங்களைவிடச் சற்றே தாழ்ந்திருப்பவை. அதனால் பலகை நேராக மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் வழுக்கிச் செல்லும். பனிமலையில் ஒற்றைப் பலகைமீது நின்று சறுக்குவோரின் அசைவுகளைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவர 1990-களில் ஸ்டீன் ஸ்ட்ராண்ட் என்பவர் உருவாக்கியது இது. ஃப்ரீபோர்டு என்று பெயர். பனி பெய்வதே அரிதான ஊரில், பனியின்றிப் பனிச்சறுக்கு!

"பிரேக் எங்கேப்பா?" என்றேன்.

"கிடையாது தாத்தா. பலகையைத் தெருவுக்குக் குறுக்கே திருப்பி, மேட்டுப்பக்க விளிம்பில் பாரத்தைக் கொடுக்கணும். அந்தப் பக்கச் சக்கரங்கள் தரையில் தேய்ந்து வேகத்தைக் குறைக்கும். பள்ளத்துப் பக்க விளிம்பு தரையைக் கவ்விட்டா மட்டும் ஆளைத் தூக்கி எறிஞ்சிடும்."

தலைக்கவசம் அணிந்து புறப்பட்டான். இடமும் வலமுமாக வளைந்து, ஆற்றில் மிதக்கும் ஓலைபோல் இறங்கினான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாதித் தெருவில் வேகம் கூடுவதுபோல் எனக்குத் தோன்றியது. என்னையறியாமல் "டேய், பார்த்து!" என்று அலறிவிட்டேன். அவன் தலையைத் திருப்பினான். மறுகணம் தரையில் உருண்டு கிடந்தான்.

மூட்டு வலியையும் மறந்து ஓடினேன். முழங்கையும் முழங்காலும் தோலுரிந்து இரத்தம் கசிந்தன. தந்தையை இழந்த பிள்ளையை நானே வீழ்த்திவிட்டேனே என்று கைகள் நடுங்கின. கைக்குட்டையால் காயத்தைக் கட்டினேன். அவன்தான் என்னைத் தேற்றினான்.

"நீங்க கத்தினது தப்பில்ல தாத்தா. விளிம்பு மாறுற நேரத்துல கத்திட்டீங்க. அப்ப மட்டும் யாரும் கூப்பிடக் கூடாது."

பிறகு விளக்கினான். ஒரு விளிம்பில் ஊன்றியிருக்கும்போது பிடிமானம் உண்டு. மறு விளிம்புக்குப் பாரத்தை மாற்றும் அந்த நொடியில் எந்த விளிம்பும் துணையில்லை. சுழலும் நடுச்சக்கரங்களின்மேல்தான் உடல் நிற்கிறது. விழுவது பெரும்பாலும் அப்போதுதானாம்.

நெடுநேரம் அந்த நடைபாதையிலேயே அமர்ந்திருந்தோம். அவன் சொன்னது பலகையைப் பற்றி மட்டும்தானா? தந்தையின் கைப்பிடியில் வளர்ந்த விசுவாசம் ஒரு விளிம்பு. தானாகத் தேடிக் கண்டடைய வேண்டிய விசுவாசம் மறு விளிம்பு. இரண்டுக்கும் நடுவே, பிடிமானம் ஏதுமின்றி நின்றுகொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து நாங்கள் எல்லாரும் மாறிமாறிக் கத்திக்கொண்டிருந்தோம். எங்கள் அலறலில் அன்பு இருந்தது, உண்மைதான். ஆனால் அதைவிட அதிகமாக எங்கள் அச்சமே இருந்தது. ஊதாரி மைந்தனின் தந்தை வழியெல்லாம் கூவிக்கொண்டு பின்தொடரவில்லை. மகன் திரும்பும் திசையில் கண்ணை வைத்துக் காத்திருந்தார். இத்தனை ஆண்டுகள் கேட்ட உவமையின் இந்தப் பொருள் அன்றுதான் என் உள்ளத்தில் உறைத்தது.

வரிசைப்படுத்திய அறிவுரைகளை நான் சொல்லவே இல்லை. அடுத்து வந்த ஞாயிறுகளில் மாலைத் திருப்பலிக்குச் செல்வதென முடிவு செய்து, காலையில் அவனுடன் தெருவடியில் நின்றேன். சட்டைப்பைக்குள் விரல்கள் செபமாலை மணிகளை உருட்டும். வாய் மட்டும் திறக்காது. மகள் முதலில் வருந்தினாள். பின்னர் அவளும் ஒரு நாள் வந்து என்னருகே நின்றாள்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம், காயத்தின் பொருக்கு உதிர்ந்திருந்த முழங்கையைத் தடவியபடி அவனே கேட்டான்: "அப்பாவோட நினைவுப் பூசை எத்தனை மணிக்கு தாத்தா?"

மணியை மட்டும் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் வந்தான், கடைசி இருக்கையில் அமர்ந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.