கலேவெலத் தேநீர்க்கடையில் ஓர் இறுதியாட்டம்

குருநாகலிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், தம்புள்ளைக்கு ஏறக்குறைய இருபது கிலோமீற்றர் முன்னால் இருப்பது கலேவெல. மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், மலைநாட்டின் குளிர்ச்சியை இங்கே தேடுபவர் ஏமாந்து போவர். உலர்வலயத்தின் வெயிலும், ஆடி மாதத்துச் சோளகக் காற்றும், அக்காற்று வாரி வீசும் செம்புழுதியுமே வரவேற்கும். சுற்றுப்புறத்தில் வயலும் பெரிய வெங்காயத் தோட்டங்களும் உண்டு. கடைவீதியில் சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் ஒலிக்கும். முஸ்லிம் வணிகர் பலர் இங்கு வாழ்கின்றனர்.

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. தம்புள்ளை மைதானத்தில் மகளிர் ஆசியக் கிண்ண இறுதியாட்டம். குன்றின் நிழலில், குளத்தை நோக்கி அமைந்த அந்த மைதானத்தில் 2001 ஆம் ஆண்டு இலங்கையும் இங்கிலாந்தும் மோதிய முதல் நாளிலிருந்து எத்தனையோ ஆட்டங்கள் நிகழ்ந்துள்ளன. அன்றோ அனுமதி இலவசம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. குருநாகலிலிருந்து நின்றபடியே வந்த எனக்கு, கலேவெலவை அடைந்தபோது முழங்கால் மன்றாடிற்று. ஒரு தேநீர் அருந்திவிட்டு அடுத்த வண்டியில் போகலாம் என்று இறங்கினேன். இறங்கிய கடையில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அடுத்த வண்டி என்னை விட்டுவிட்டே போயிற்று.

கடை முதலாளி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். பணப்பெட்டியருகே அவருடைய மகள், பதின்மூன்று வயதிருக்கும், பாடசாலைக் கொப்பியில் கோடு கிழித்துப் பந்துக்குப் பந்து கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். வாசலோரத்தில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர், உலகக் கிறிக்கெட்டின் நீதிபதியைப் போல் வீற்றிருந்தார்.

இந்தியா முதலில் ஆடி 6 விக்கெட்டுக்கு 165 ஓட்டங்கள் எடுத்தது. ஸ்ம்ரிதி மந்தனா 47 பந்துகளில் 60. "நானா, கதை முடிந்தது, மந்தனா முடித்துவிட்டாள்" என்றார் சாரதி. அவர் சலித்துக்கொண்டதில் நியாயம் இல்லாமலில்லை. அதற்கு முன் ஐந்து முறை இலங்கை மகளிர் இக்கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் இந்தியாவிடம் தோற்றிருந்தனர். 2022 இல் சில்ஹெட்டில் அவர்கள் எடுத்த மொத்த ஓட்டங்களே 65.

சிறுமி தலை நிமிராமல் சொன்னாள்: "மந்தனா இல்லை, மாமா. கடைசியில் வந்த ஜெமிமாவும் ரிச்சாவும் முப்பது பந்தில் 59 எடுத்தார்கள். அவர்களை முன்பே அனுப்பியிருந்தால் 180 வந்திருக்கும். பின்னால் வைத்தது நமக்கு நல்லது."

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஜெமிமா ரொட்ரிகஸ் 16 பந்தில் 29. ரிச்சா கோஷ் 14 பந்தில் 30. கூட்டல் பிழையில்லை.

இலங்கை ஆடத் தொடங்கிற்று. 7 ஓட்டங்களிலேயே விஷ்மி குணரத்ன ரன் அவுட். சாரதி எழுந்து குடையைத் தேடினார். ஆனால் அதன்பின் சேர்ந்த இருவர், அணித்தலைவி சமரி அத்தபத்துவும் ஹர்ஷிதா சமரவிக்ரமவும், 87 ஓட்டங்கள் குவித்தபோது குடை மீண்டும் மூலைக்குப் போயிற்று. சமரி குருநாகல் மாவட்டத்தவர். இதே சாலை வழியாக வந்த பெண் என்ற உரிமையோடு கடையே அவரை வாழ்த்திற்று.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லவேண்டும். சமரி, ஹர்ஷிதா இருவருமே இடக்கைத் துடுப்பாட்டக்காரர். இந்தியாவின் சுழற்பந்து வீச்சாளருள் ராதா யாதவ், தனுஜா கன்வர் இருவரும் இடக்கையால் வீசுபவர். அவர்களுடைய பந்து இடக்கை ஆட்டக்காரரை நோக்கி உள்ளே திரும்பும், அடிப்பது எளிது. விலகித் திரும்புவது வலக்கையால் சுழற்றும் தீப்தி சர்மாவின் பந்துதான். "தீப்தியை மட்டும் பார்த்து ஆடினால் போதும்" என்று சிறுமி இருமுறை முணுமுணுத்தாள். பன்னிரண்டாவது ஓவரில் அந்தத் தீப்தியே சமரியின் விக்கெட்டைச் சாய்த்தார். 43 பந்தில் 61 எடுத்திருந்தார் சமரி. அன்று இந்தியப் பந்துவீச்சாளர் வீழ்த்திய விக்கெட் அது ஒன்றே.

இலங்கை 94. எட்டு ஓவரில் 72 வேண்டும். கடை அடங்கிற்று. தேநீர் ஆற்றுபவர் கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"இனி கவிஷா. வலக்கை. பந்துக்குப் பந்து களத்தை மாற்ற வேண்டிவரும், வாப்பா" என்றாள் சிறுமி. அப்படியே நடந்தது. ஓர் ஓட்டம் எடுத்து ஆள் மாறும்தோறும் வலமும் இடமும் மாறின. பந்துவீசுவோர் குறி தடுமாறிற்று. இந்தியரின் களத்தடுப்பும் தளர்ந்தது. கவிஷா டில்ஹாரி 16 பந்தில் 30, ஹர்ஷிதா 51 பந்தில் 69. இருவரும் ஆட்டமிழக்கவில்லை. எட்டுப் பந்துகள் எஞ்சியிருக்க, எட்டு விக்கெட்டால் இலங்கை முதன்முறையாகக் கிண்ணத்தை வென்றது. வீதியில் பட்டாசு வெடித்தது. சாரதி எல்லோருக்கும் தம் செலவில் தேநீர் சொன்னார். தாம் முதலிலேயே அறிந்திருந்ததாகவும் சொன்னார்.

நான் கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, "நீயும் ஆடுவாயா?" என்று கேட்டேன். அவள் தந்தையைப் பார்த்தாள். முதலாளியே பதில் சொன்னார்: "ஆசைதான், சேர். தம்புள்ளையில் பயிற்சி இருக்கிறதாம். பாடசாலை விட்டுப் போய்த் திரும்பப் பொழுது பட்டுவிடும். பெண்பிள்ளை. நான் விடவில்லை."

அவள் ஒன்றும் பேசாமல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மொத்தத்தை எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டாள்.

தம்புள்ளைப் பக்கமிருந்து கொடிகளை அசைத்துக்கொண்டு வண்டிகள் வரத் தொடங்கின. குருநாகல் பஸ் வருவதாகச் சத்தம் கேட்கவே நான் பையை எடுத்தேன். முதலாளி மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, வாசற்பக்கம் திரும்பிச் சாரதியிடம் கேட்டார்:

"தம்புள்ளையிலிருந்து ஐந்தரைக்குப் பிறகு நம்பிக்கையான பஸ் எது?"