உச்சிவெயிலில் ஒரு பாய்

ஓட்டு வீடு ஒழுகுகிறது என்று ஆள் வந்து கூப்பிட்டால் நான் முதலில் ஏணியைத் தேடுவதில்லை. உச்சிவெயில் நேரமாகப் பார்த்துப் போவேன். வாசல் கதவு, கொல்லைக் கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொல்லிவிட்டு, நடுவீட்டில் ஒரு பாயை விரித்து மல்லாந்து படுத்துவிடுவேன். "ஓடு மாத்த வந்த ஆளு தூங்க வந்துட்டாரு" என்று பிள்ளைகள் சிரிக்கும். ஐந்து நிமிடம் ஆகும், கண் இருட்டுக்குப் பழக. அதன் பிறகு கூரை தானாகப் பேச ஆரம்பிக்கும்.

ஓடும் ஓடும் சேர்கிற இடுக்குகளில் எப்போதும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அது மங்கலாக, பக்கவாட்டில் வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கூரை மூச்சு விடுவது அந்த வழியாகத்தான். பயப்பட வேண்டியது தரையில் வட்டமாகக் காசு போல விழுகிற வெயிலுக்கு. காசு விழுந்தால் நேர் ஓட்டை. கோடாகத் தெரிந்தால் விரிசல். ஒரு சாண் அகலத்துக்குப் பளிச்சென்றிருந்தால் ஓட்டின் மூக்கு உடைந்து, அதைத் தாங்குகிற ரீப்பர் கட்டையிலிருந்து நழுவியிருக்கிறது. கூரை உச்சியில் மோட்டை ஒட்டி மெல்லிய வெளிச்சம் வரிசையாகத் தெரிந்தால் மோட்டு ஓட்டின் காரை விட்டுப் போயிற்று. சுண்ணாம்புக் கட்டியால் சட்டத்திலேயே ஒரு குறி போட்டுவிடுவேன்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் மாமா. வேதாரண்யம் பக்கம் அவர் ஓடு மாற்றாத தெரு குறைவு. "மாப்ள, மேல ஏறினா நீ ஓட்டோட முதுகத்தான் பாப்ப. அது எல்லாருகிட்டயும் பொய் சொல்லும். வயித்தப் பாரு" என்பார்.

படுத்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்பேன். மழை பிடித்ததும் ஒழுகுகிறதா, கொஞ்ச நேரம் கழித்தா? காற்றோடு அடிக்கும்போது மட்டுமா, நின்று பெய்யும்போதுமா? உடனே ஒழுகினால் உடைசல். நேரம் கழித்து ஒழுகி, மழை விட்ட பிறகும் சொட்டினால், எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. பெரும்பாலும் இரண்டு சரிவு கூடுகிற முற்றத்துக் கூடல்வாயில் வேப்பிலை அடைத்துக்கொண்டிருக்கும், அல்லது அங்கே போட்ட தகரம் உப்புக்காற்றில் சல்லடையாகியிருக்கும். காற்றோடு அடிக்கும்போது மட்டும் ஒழுகினால் ஓட்டின் மேல் குற்றமே இல்லாமல் இருக்கலாம். ஐப்பசி கார்த்திகையில் கடலிலிருந்து வருகிற மழை எங்கள் ஊரில் மேலிருந்து கீழே மட்டும் பெய்வதில்லை. சாய்ந்து வந்து, ஓட்டின் அடி விளிம்பில் புகுந்து, மேல்நோக்கி ஏறும். அதற்காக நல்ல ஓட்டைப் பிடுங்கி மாற்றினால் கூலிதான் தண்டம்.

இன்னொரு சங்கதி, சொட்டுகிற இடத்துக்கு நேர்மேலே உடைசல் இருப்பது அபூர்வம். தண்ணீர் ரீப்பரின் அடியில் ஒட்டிக்கொண்டு நகர்ந்து, சட்டத்தில் இறங்கி, ஏதாவது ஒரு முடிச்சிலோ சுவர் ஓரத்திலோ வந்துதான் கீழே விழும். சட்டத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுப்புத் தடம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே மேலே போக வேண்டும். அதிலும் பிடிபடாவிட்டால் வாளியும் சொம்பும். கூரையின் அடி விளிம்பான இறவாணத்து வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாக ஊற்றிக்கொண்டே மேலே போவேன். உள்ளே ஒருவர் நின்று குரல் கொடுக்க வேண்டும். மேலிருந்து ஊற்ற ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா வரியிலும் ஓடிவிடும், எந்த ஓடு என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம் என்றிருக்கிற ஊர் எங்களுடையது. ஒரே நாளில், ஒரே கட்டில் இறக்கிப் போட்ட ஓடுகள், மேற்குச் சரிவில் அப்படியே சிவப்பாக இருக்கும். கடலைப் பார்த்த கிழக்குச் சரிவில் முகம் பொரிந்து, தோல் தோலாக உரிந்திருக்கும். உப்பு கலந்த ஈரம் ஓட்டின் நுண்ணிய துளைகளுக்குள் போகிறது. வெயில் ஈரத்தை எடுத்துக்கொண்டு உப்பை உள்ளேயே விட்டுவிடுகிறது. அந்த உப்பு படிகமாகித் தடிக்கும்போது மண்ணைத் தள்ளுகிறது. நாள்தோறும் நனைந்து, நாள்தோறும் காய்ந்து, வருடக்கணக்கில் இதே வேலை. சரியாக வேகாத ஓடு இதில் சீக்கிரம் போய்விடும். வெள்ளையாகப் பூத்திருந்தால் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரித்தால் உப்பு, சப்பென்றிருந்தால் பழைய சுண்ணாம்பு. பிறகு விரல் முட்டியால் ஒரு தட்டு. "கிண்" என்றால் இன்னும் பல வருடம் இருக்கும். "டப்" என்றால் விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிறது.

உப்பு ஓட்டோடு விடுவதில்லை. ரீப்பரில் அடித்த இரும்பு ஆணி துருப்பிடித்துப் பருக்கும். பருத்து மரத்தைப் பிளக்கும். மரம் உளுத்துவிட்டது, கரையான் என்று சொல்லி எடுத்துப் போட்ட ரீப்பர்களில் பாதி, ஆணி பிளந்தவை.

ஆனால் உப்பு உடைத்த ஓட்டைவிட மனிதக் கால் உடைத்த ஓடுதான் நான் அதிகம் மாற்றியிருக்கிறேன். டிஷ் மாட்ட ஏறியவர், தேங்காய் பொறுக்க ஏறியவர், பட்டம் எடுக்க ஏறிய பையன், ஒரு ஓட்டை மாற்ற ஏறி நாலு ஓட்டை மிதித்துவிட்டு இறங்கிய என்னைப் போன்ற ஆட்கள். ஓட்டின் நடுவயிற்றில் கால் வைக்கக் கூடாது. மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற இடத்தில், அடியில் ரீப்பர் இருக்கிற இடத்தில், வெறுங்காலோடு, பாதத்தைக் குறுக்கே வைக்க வேண்டும். வேலை விடிந்ததும் தொடங்கி ஒன்பதரைக்குள் முடிய வேண்டும். பத்து மணிக்கு மேல் உள்ளங்கால் பொறுக்காது. சூடு தாங்காமல் அவசரமாக எடுத்து வைக்கிற அந்த ஒரு கால்தான் ஓட்டை உடைக்கும். புரட்டாசிக்குள் கூரை வேலை எல்லாம் முடிந்துவிட வேண்டும். நனைந்து பாசி பிடித்த ஓட்டில் நான் ஏற மாட்டேன். பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்கவும் விட மாட்டேன். பாசியோடு ஓட்டின் வெந்த தோலும் போய்விடும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது எங்கள் தலைக்கு மேலேதான். மறுநாள் தெருத்தெருவாக நடந்தபோது ஒரு விஷயம் கவனித்தேன். மரம் விழுந்த வீடுகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், பல வீடுகளில் ஓடு போனது நடுக்கூரையில் அல்ல. இறவாணத்து வரியும், இரண்டு பக்க ஓர வரிகளும்தான் முதலில் கிளம்பியிருக்கின்றன. சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு, பெரும்பாலும் வெறும் எடையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று இரண்டு, இரண்டரை கிலோ இருக்கும். ஓரத்தில் ஒன்றின் அடியில் காற்று விரலை நுழைத்துவிட்டால் அடுத்தது அவிழும், அதற்கடுத்தது பறக்கும். அன்றிலிருந்து இறவாணத்தில் இரண்டு வரி, ஓரங்களில் ஒரு வரி, மோட்டுக்குக் கீழே ஒரு வரி இவற்றைச் செம்புக் கம்பியால் ரீப்பரோடு கட்டுகிறேன். இரும்புக் கம்பி மலிவுதான், ஆனால் கடற்காற்றில் அது அதிக நாள் வராது. நடுக்கூரையைக் கட்டுவதில்லை. உடைந்ததை மட்டும் கழற்றி மாற்ற அது சும்மா இருந்தால்தான் வசதி.

புயலுக்குப் பயந்து ஓட்டுக்கு மேலேயே சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள். மோட்டிலும் சிமெண்ட். மரச்சட்டம் வெயிலிலும் ஈரத்திலும் சுருங்கி விரியும். சிமெண்ட் அதற்கு இணங்காது, மயிர்க்கோடாக வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியேறாமல் மோட்டுவளையை உளுத்துப்போக வைக்கும். சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைத்த காரை விரிசல் விட்டாலும் ஓட்டைப் பிடித்துக் கிழிக்காது. தட்டி எடுத்து, அதே மோட்டு ஓட்டைத் திரும்ப வைக்கலாம். சிமெண்டில் உட்கார்ந்த மோட்டு ஓட்டை முழுசாக எடுத்தவர் யாரும் இருந்தால் நான் கைகட்டி அவரிடம் தொழில் கற்கத் தயார். பெயிண்ட் அடிப்பதும் அதே கதைதான். அடிப்பக்கமும் விளிம்பும் ஈரத்தைக் குடிக்கும், மேல்பக்கம் மூடிக்கிடக்கும், உப்பு பெயிண்டுக்கு அடியில் பூத்து அதைத் தகடாகத் தூக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆகாதது ஃபால்ஸ் சீலிங். அது வந்த வீட்டில் நான் குருடன்.

பழைய ஓட்டுக்கு மாற்று கிடைப்பது தனிப்பாடு. ஆலைக்கு ஆலை வாய்க்கால் அரை விரற்கடை மாறும், மாறினால் பூட்டாது. அதனால் பழைய வீடு இடிக்கிற இடத்தில் நின்று ஓட்டைத் திருப்பி, அடியில் என்ன முத்திரை என்று பார்த்து வாங்குவேன். பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு 1865. அந்த ஆண்டை அச்சிட்ட ஓட்டைக் காட்டி, "நூத்தம்பது வருசத்து ஓடு" என்று விலை ஏற்றுவார்கள். அது ஆலையின் வயது, ஓட்டின் வயதல்ல. நான் எதுவும் சொல்வதில்லை. தட்டிப் பார்த்து "கிண்" என்றால் வாங்கிக்கொள்வேன்.

போன ஆவணியில் கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் இருபத்திரண்டு ஓடு மாற்றினேன். தனியாக இருக்கிற ஒரு பெரியம்மா. நான் பாயில் படுத்தபோது அவரும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சப்பட்ட ஆறு ஓட்டை மாட்டுக்கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். தீபாவளி கழித்து போன் வந்தது.

"தம்பி, ஒழுகுது."

"யாரையும் மேல ஏத்திடாதீங்க பெரியம்மா. வெயில் வரட்டும், கதவைச் சாத்திட்டு..."

"சாத்திப் பாத்துட்டேன். காசு விழுது, ஒண்ணே ஒண்ணு. கிழக்குச் சரிவு, இறவாணத்துலேருந்து அஞ்சாவது வரி, செவுத்துலேருந்து ஏழாவது ஓடு. தென்ன மட்ட விழுந்திருக்கும் போல."

மறுநாள் காலை ஆறரைக்கு ஏணியோடு போனேன். கொட்டகையிலிருந்த ஆறில் ஒன்றை அவரே துடைத்து வாசலில் வைத்திருந்தார்.