திண்டுக்கல்லிலிருந்து பெருங்குடி வரை



ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியிருக்கும் பேகம்பூரிலிருந்து புறப்பட்டு மதுரைச் சாலையைப் பிடித்தால், இடப்புறம் சிறுமலைத் தொடர் நெடுந்தொலைவு நம்முடனேயே வரும். சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளப்பட்டியும் அம்பாத்துரையும் கொடைரோடும் வாடிப்பட்டியும் பின்னே செல்ல, மதுரையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனால் பெருங்குடி. திண்டுக்கல் சமவெளிக்கென்று தனியாக விமான நிலையம் இல்லை. நமக்கு வாய்த்தது அந்த மதுரை விமான நிலையமே.

அது பயணிகளுக்காகத் தோன்றியதன்று, போருக்காகத் தோன்றியது. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டுகள் விழுந்தன. தென்னாட்டைக் காக்க வெள்ளை அரசு ஆங்காங்கே ஓடுதளங்களை அமைத்தது. பிரிட்டிஷ் விமானப்படை 1942-இல் மதுரைத் தளத்தைப் பயன்படுத்தியது. போர் ஓய்ந்ததும் அத்தளங்களின் விதி வெவ்வேறாயிற்று. உளுந்தூர்பேட்டைத் தளம் கேட்பாரற்றுக் கிடந்தது. சோழவரத்துத் தளம் மோட்டார்ப் பந்தயத் திடலாயிற்று. மதுரையோ பிழைத்துக்கொண்டது. 1956-இல் முதல் பயணியர் விமானம் வந்தது. 2010 செப்டம்பரில் புதிய முனையம் திறக்கப்பட்டது. 2012 செப்டம்பரில் கொழும்புக்கு முதல் பன்னாட்டு விமானம் பறந்தது. பின்னர் துபாய்க்கும் நேரடிச் சேவை கிடைத்தது.

ஏடுகள் கூறும் வரலாறு இது. நம் வீடுகள் அதனை வேறு அளவுகோலால் அளக்கின்றன.

2004-ஆம் ஆண்டு ஒரு காலைப் பொழுதில் எங்கள் அத்தா மவுத்தானார்கள். அண்ணன் துபாயில் இருந்தார். அன்று மதுரைக்கு வெளிநாட்டு விமானம் ஏது? திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில், திருநெல்வேலி வழியாகக் காரில் விரைந்தார். மய்யித்தைக் காக்க வைத்தல் தகாது என்று பெரியவர்கள் கூறினர். அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்தோம். மறுநாள் ஸுபுஹு நேரத்தில் அண்ணன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் வீட்டினுள் வரவில்லை. வெறுங்காலோடு மையவாடிக்கு நடந்தார். ஈர மண்ணருகே அவர் நின்ற நிலை இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு முதியவர் இரவில் மறைந்தார். துபாயிலிருந்த மகன் காலையில் பெருங்குடியில் இறங்கி, லுஹருக்கு முன் வந்து, தந்தையின் முகம் பார்த்துச் சந்தூக்கைத் தோளில் தாங்கினார். அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். “அவனுக்குக் கிடைத்தது” என்று மட்டும் சொன்னார்.

எனினும், வாசகர்களே, இந்நன்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மதுரை ஓடுபாதை ஏறத்தாழ 7,500 அடி நீளமே உடையது. பெரிய விமானங்கள் முழுச் சுமையுடன் வந்து போக இது போதாது. நீட்டிக்க நிலம் வேண்டும். அந்நிலத்தில் குடியிருந்த சின்ன உடைப்புக் கிராமத்தார், மீள்குடியமர்வு கேட்டு 2024 நவம்பரில் போராடினர். நம் பிள்ளைகள் விரைவில் வீடு சேர வேண்டும் என்பது நம் ஆசை. தம் வீட்டைவிட்டு வெறுங்கையோடு வெளியேறக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. இரண்டும் நியாயமே. ஆனால் பிறர் உரிமையை மிதித்துக் கிடைக்கும் வசதியில் பரக்கத் இராது என்றுதான் நாம் மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம்.

அடுத்த முறை சபுராளியை வழியனுப்பப் பெருங்குடிக்குச் செல்வீர்களாயின், வேலிக்கு அப்பால் விரிந்து கிடக்கும் அந்த மண்ணையும் சற்று நோக்குங்கள். அதுவும் ஒருவருடைய அத்தா உழுத நிலமாக இருந்திருக்கலாம். பயணிக்காகத் துஆச் செய்யும்போது, அவர்களுக்குரியது குறைவின்றிக் கிடைக்கவும் சேர்த்துக் கேளுங்கள்.