தண்ணியில கண்டம்!

எனக்குத் தண்ணியில கண்டம். நான் சொல்லலை சார்... நான் பிறந்ததும் ஜாதகம் கணித்த ஜோசியர் சொன்னது. அன்றிலிருந்து அம்மா என்னைக் கடலுக்கு முப்பதடி தள்ளியே வைத்திருந்தாள். திருச்செந்தூர் போனால்கூட சொம்பில் மொண்டு வந்து தலையில் தெளித்துவிட்டு, "போதும், கும்பிட்டுக்கோ" என்பாள்.

சொந்த ஊர் பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் மண்ணில் பிறந்துவிட்டு அலையைப் பார்த்து நடுங்குகிற ஆள் நான் ஒருத்தன்தான். வேலை தூத்துக்குடியில், ஒரு கிளியரிங் ஆபீஸில். கப்பல் கப்பலாகப் பேப்பரில் பார்த்தாச்சு; கடலில் கால் வைத்ததில்லை.

போன மாதம் ஆபீஸ் பையன்கள் ஆரம்பித்தார்கள். "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை மணப்பாடு போறோம். சர்ஃபிங்! 2025-ல மாமல்லபுரத்துல ஆசியப் போட்டியே நடந்து, நம்ம ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கிட்டாரு. வர்றீங்களா... இல்ல, அம்மாகிட்ட கேக்கணுமா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை பைக்கில் ஏற்றியது. வீட்டில் சொன்னது, "ஆபீஸ்ல ஆடிட்!"

தூத்துக்குடியிலேயே கடல் இருக்க, மணப்பாடு எதற்கு? காரணம் இருக்கிறது. எதிரே இலங்கை மதில் கட்டின மாதிரி நிற்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் வேறு. அதனால் தூத்துக்குடிக் கடல் பெரும்பாலும் குளம். திருச்செந்தூர் தாண்டி, உடன்குடிக் கருப்பட்டி வாசனையும் தாண்டினால் மணப்பாடு. அங்கே ஒரு மணல்குன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. உச்சியில் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். அலைகள் அந்த மூக்கைச் சுற்றி வளைந்து வரும்போது கோபம் குறைந்து வருகின்றன. என்னைப் போன்ற கேஸ்களுக்கு அதுதான் சரி.

கற்றுக்கொடுத்தது இருபத்திரண்டு வயது மீனவப் பையன். முதல் பாடம் மணலில். பலகையில் குப்புறப் படு, கையால் துழாவு, நெஞ்சுப் பக்கம் கையை ஊன்றி ஒரே தாவலில் எழுந்து நில். எந்தக் கால் முன்னால் என்று நான் கேட்டதும், பின்னாலிருந்து முதுகில் ஒரு தள்ளு! தடுமாறி வலது காலை வைத்தேன். "அதாம்ணே உங்க முன்னங்கால்." விழுந்தால் தலைகுப்புற விழாமல் தட்டையாக விழணும், மேலே வரும்போது கையால் தலையை மறைச்சுக்கணும், பலகை வந்து அடிக்கும் என்றான். மணலில் நான் சூரன்.

கணுக்காலில் பலகையோடு சேர்த்துக் கயிறு கட்டினான். "எங்க தாத்தா முத்துக் குளிச்சவருண்ணே. 1961-ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தப்போ இறங்கியிருக்காரு. கயித்த மச்சான் கையிலதான் குடுப்பாங்களாம். தங்கச்சி தாலியாச்சே, விடமாட்டான்ல?"

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பலகையே மச்சான்!

முதல் அலை. எழுந்தேனா என்றுகூடத் தெரியவில்லை. தலைக்கு மேல் தண்ணீர், மூக்கில் உப்பு, காதுக்குள் இரைச்சல். நிஜமாகவே ஜோசியர் முகம் தெரிந்தது சார். கையைக் காலை உதைத்துக்கொண்டு, 'அம்மாகிட்ட பொய் சொல்லிட்டு வந்தோமே' என்று நினைக்கும்போது பையன் குரல் கேட்டது.

"அண்ணே... காலை ஊனுங்க!"

ஊன்றினேன். இடுப்பளவுத் தண்ணீர்.

இத்தனை வருஷம் பயந்த கடல் இடுப்பு வரைக்கும்தான் இருந்தது. வெட்கத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது. நல்லவேளை, உப்புத் தண்ணியோடு உப்புத் தண்ணியாகப் போச்சு.

அப்புறம் பதினோரு தடவை விழுந்தேன். பன்னிரண்டாவதில் நின்றேன். மூணு செகண்டு! சத்தியமாக நான் கத்தவில்லை என்று சொல்வேன். பையன்கள் வேறு மாதிரி சொல்வார்கள், நம்பாதீர்கள்.

ராத்திரி வீட்டில் சட்டையைக் கழற்றினேன். முதுகு தக்காளி மாதிரி. காதிலிருந்து மணல் கொட்டியது.

"ஏல, ஆடிட்ல மண்ணு எங்கெருந்து வந்துச்சு?"

சொல்லிவிட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து முதுகில் தடவினாள்.

"எந்திரிச்சு நின்னியா?"

"மூணு செகண்டும்மா."

"ம்... கண்டம் இருபத்தெட்டு வயசு வரைக்கும்தான்னு அன்னைக்கே ஜோசியர் சொன்னாரு."

எனக்கு இருபத்தொன்பது முடியப்போகிறது!