பேட்டரிக்கு அடியில்

மானகிரி வீட்டு மாடக்குழியில் கிடந்த அப்பத்தாவின் நோக்கியா 1100ஐ ஒருநாள் வகுப்புக்கு எடுத்துப் போனேன். அப்பத்தாவுக்கு அது போன் அல்ல, டார்ச். கரண்ட் போனால் அதன் வெளிச்சத்தில்தான் கொல்லைக்குப் போவாள்.

"இவ்வளவு பெரிய கம்பெனி எப்படி மேடம் விழுந்துச்சு? இன்ஜினியர் தப்பா, முதலாளி தப்பா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

தொடுதிரை செய்யத் தெரியாமல் தோற்றார்கள் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஐபோன் வந்தது 2007இல். நோக்கியா 2004லேயே 7710 என்ற தொடுதிரைக் கைபேசியை அறிவித்துவிட்டது. 2011இல் அதன் பொறியாளர்கள் உருவாக்கிய என்9 பாராட்டப்பட்டது. ஆனால் அது கடைக்கு வருமுன்பே தலைமை விண்டோஸ் போன் பக்கம் சாய்ந்திருந்தது. சிம்பியன் என்ற அவர்களது பழைய மென்பொருள் புதிய போட்டிக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதும் உண்மை. உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியாமலில்லை.

பிறகு ஏன்? நோக்கியாவின் மேலாளர்கள், பொறியாளர்கள் உள்ளிட்ட 76 பேரிடம் பேசி, இரண்டு ஆய்வாளர்கள் 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது அச்சம். மேலதிகாரிகளின் கோபத்துக்குப் பயந்து இடைநிலை மேலாளர்கள் கெட்ட செய்திகளை விழுங்கினார்கள். மேலே இருந்தவர்கள் நல்ல செய்தியை நம்பி, நடக்காத கெடு வைத்தார்கள்.

இதைப் படித்தபோது எங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. ஐயா நடத்திய கடையில் சரக்கு தேங்குவது அப்பத்தாவுக்குத் தெரியும். ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "பொம்பளைக்கு ஏவாரம் என்ன தெரியும்?" என்றார். அதன்பின் அவள் வாய் திறக்கவில்லை. கடை நொடித்தது. கடனுக்குப் போனது அவள் கழுத்துச் சங்கிலி.

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேள்வி கேட்ட பெண் போனைத் திறந்து பேட்டரியைக் கழற்றினாள். அடியில் 'மேட் இன் இந்தியா' என்றிருந்தது.

"அப்ப இதைச் செஞ்சவங்க, மேடம்?"

ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2006இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஊர்ப்புறங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். சொந்தச் சம்பளம், விடுதி வாழ்க்கை, தள்ளிப்போன கல்யாணம் என்று ஒரு தலைமுறைப் பெண்களுக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்தது. 2014 ஏப்ரலில் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்ட்டின் கைக்குப் போனது. வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அதில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆலை நின்றது.

அவர்கள் வடிவமைக்கவில்லை, திட்டமிடவில்லை. அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவுமில்லை. உண்மை கீழிருந்து மேலே ஏறவில்லை. இழப்பு மட்டும் தடையின்றிக் கீழே இறங்கியது.

இன்ஜினியரா, முதலாளியா என்று கேட்டால் இப்போதும் என்னால் ஒரு மணிநேரம் பேச முடியும். அந்தப் பெண்ணின் இரண்டாவது கேள்விக்கு மட்டும் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்பத்தாவைப் போல நானும் பேசாமல் நின்றேன்.