ஓசையின் பிறப்பிடம்

ஓசையைக் கேட்பது வேறு; ஓசையை அறிவது வேறு. கேட்பதற்குச் செவி ஒன்றே போதும். அறிவதற்கோ, அது எங்கே பிறந்தது, எப்பொழுது பிறந்தது, எதனால் பிறந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண வேண்டும். தமிழ் இலக்கணம் பயில்வோர் தொல்காப்பியத்தின் பிறப்பியலில் எழுத்தோசைகள் தோன்றும் இடங்களைக் கற்கின்றனர். அரபு பயில்வோர் அதனையே மக்ரஜ் என்ற பெயரால் கற்கின்றனர். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த பேரறிஞர் கலீல் இப்னு அஹ்மது அவர்கள் தம் அகராதியை வழக்கமான எழுத்து வரிசையில் அமைக்கவில்லை. தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ‘ஐன்’ எழுத்தில் தொடங்கி, இதழை நோக்கி வரும் வரிசையில் அமைத்தார்கள். அந்நூல் ‘கிதாபுல் ஐன்’ எனப் பெயர் பெற்றது அதனாலேதான்.

இவ்விரு கல்வியும் ஒரு பழைய மோட்டார் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் வேளையில் நமக்குத் துணை வரும் என்று நாம் நினைத்ததில்லை. ஆயினும் வந்தது. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நம்மிடம் இருப்பது அம்பாசிடர் கார். மர்ஹூம் மூத்த சகோதரர் விட்டுச் சென்றது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் உருவாகி வந்த வண்டி அது. 2014ஆம் ஆண்டோடு அங்கே உற்பத்தி நின்றுவிட்டது. நம் வண்டியில் உள்ளது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. கடையநல்லூரிலிருந்து தென்காசி, செங்கோட்டை என்று குடும்பத்தின் நல்லது கெட்டது அனைத்திற்கும் அதுவே நம்மைச் சுமந்து வந்தது.

ஒரு மார்கழிக் காலையில் அதிலிருந்து ‘டிக், டிக்’ என்றொரு புதிய ஓசை எழுந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஓசை வலுத்தது. விரைவு கூடினால் அதுவும் விரைந்தது. ஒரு பட்டறையில் காட்டினோம். அங்கிருந்த இளைஞர் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். நான்காம் சிலிண்டரின் வயரைக் கழற்றியதும் ஓசை அடங்கியது. “கனெக்டிங் ராடு பேரிங் போய்விட்டது. என்ஜினை இறக்க வேண்டும். கிராங்க்கையும் கடைசலுக்குக் கொடுக்க வேண்டும்” என்றார். அவர் சொன்ன தொகை, நாம் இளைய மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கி வைத்திருந்த தொகையை ஏறத்தாழ முழுவதுமாக விழுங்கக்கூடியது. வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. பழுதென்று பெயர் பெற்ற வண்டியைக் காயலான் கடையைத் தவிர வேறு யார் வாங்குவர்?

ஒரு சொல்லுக்கு ஒரே ஓர் உரையைக் கேட்டு அமைவது கற்றோர் வழக்கமன்று. ஆகவே அறுபது வயதைக் கடந்த மற்றொரு மெக்கானிக்கிடம் சென்றோம். அவர் கருவி எதனையும் எடுக்கவில்லை. முதலில் நம்மிடம் கேள்வி கேட்டார்.

“ஹஜ்ரத், சத்தம் காலையில அதிகமா, ஓடின பிறகு அதிகமா?”

“காலையில்தான். ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.”

அவர் முகம் தெளிந்தது. தேய்ந்த பேரிங்கின் ஓசை சூடேறினால் பெரும்பாலும் கூடுமேயன்றிக் குறையாது என்றார். காரணம் எளிது. சூடேறச் சூடேற ஆயில் இளகுகிறது; தேய்மானத்தால் விழுந்த இடைவெளியை நிரப்பி உலோகத்தை உலோகத்தோடு மோதவிடாமல் தாங்கும் வலு அதற்குக் குறைகிறது. பின்னர் அவர் ஆயிலின் அழுத்தத்தை அளந்தார், குறைவில்லை. நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜினின் மேல்மூடியில் ஊன்றி, அதன் பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்டார். 1816இல் பாரிஸ் நகர மருத்துவர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதாஸ்கோப் பிறந்தது என்பர். பட்டறையில் அந்தப் பணியை ஸ்குரூ டிரைவரே செய்துவிடுகிறது.

மேலே டேப்பட் ஓசை சீராக இருந்தது. என்ஜின் இரு சுற்றுச் சுற்றும்பொழுது ஒவ்வொரு வால்வும் ஒருமுறைதான் திறக்கும். நிமிடத்திற்கு 800 சுற்று ஓடும் என்ஜினில் ஒரு வால்வின் தட்டு 400 மட்டுமே. ஆகவே டேப்பட் தளர்ந்தால் எழும் தட்டல், என்ஜினின் சுற்றுக்குப் பாதி வேகத்தில், மெலிதாக, மேற்புறத்திலிருந்து கேட்கும். கீழ்ப்புறத்து பேரிங் ஓசையோ கனத்தது. சுத்தியலைத் துணியில் சுற்றி அடித்தது போன்றது. வண்டி பாரம் இழுக்கும்போது வலுப்பது.

பிறகு அவர் ஒரு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எக்ஸாஸ்ட் மேனிபோல்டு இணையும் விளிம்பின் ஓரமாக நகர்த்தினார். நான்காம் சிலிண்டரின் வாயருகே கை நின்றது. குழாயை நம்மிடம் கொடுத்தார். தட்டல் என்று நாம் எண்ணியிருந்தது உண்மையில் ‘புஸ், புஸ்’ என்ற ஊதல். அவ்விடத்தில் கரிப்புகை படிந்த கறுப்புக் கோடும் இருந்தது.

“இது வயித்துச் சத்தம் இல்லே, ஹஜ்ரத். மூச்சுச் சத்தம்” என்றார்.

கேஸ்கெட் எரிந்திருந்தது. குளிர்ந்த நிலையில் அந்த இடுக்கு வழியே புகை வெடித்து வெளியேறியது. சூட்டில் இரும்பு விரிந்ததும் இடுக்கு அடைபட்டது. பிளக் வயரைக் கழற்றியபோது ஓசை அடங்கியதன் காரணமும் விளங்கிற்று. தீப்பொறி இல்லையேல் அந்த சிலிண்டரில் எரிதல் இல்லை. எரிதல் இல்லையேல் பேரிங்கின் மீது அடியும் இல்லை, இடுக்கு வழியே ஊதலும் இல்லை. அச்சோதனை ஓசை பிறக்கும் அறையைக் காட்டுமேயன்றி, அறைக்குள் இருக்கும் ஆளைக் காட்டாது. முதலில் பார்த்த இளைஞர் பொய் சொன்னார் என்று நாம் கருதவில்லை. ஒரு சான்றோடு நின்றுவிட்டார், அவ்வளவே. புதிய கேஸ்கெட்டிற்கும் கூலிக்கும் ஆன செலவு, முன்னவர் சொன்ன தொகையில் சிறு துளி.

சிறு பழுதுதானே என்று அதனை விட்டுவிடவும் கூடாது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமற்றது, மணமற்றது, வண்டியின் உள்ளே புகுந்தால் உயிரையே பறிக்க வல்லது.

எல்லா ஓசையும் இவ்வாறு எளிதில் முடிவதில்லை. நம் தெருவில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்த அன்பர் ஒருவர் இருந்தார். அவர் வண்டியின் அடிப்பகுதியில் கனத்த தட்டல் எழுந்தது. வண்டி நிற்கும்போது ஆயில் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. சவாரி கெடுமே என்று நாளை நாளை எனத் தள்ளினார். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்து ஓட்டினார். ஒரு நாள் செங்கோட்டைச் சாலையில் கனெக்டிங் ராடு முறிந்து, என்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. உரிய காலத்தில் பேரிங் மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும் என்ஜின், பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. அவர் குடும்பம் ஓராண்டுக் காலம் பட்ட துயரத்தை நாம் அறிவோம்.

வேறு சில ஓசைகளையும் சொல்லி வைப்போம். கிறீச்சென்ற ஓசைக்குப் பெரும்பாலும் பேன் பெல்ட் காரணம். அதன்மேல் சிறிது நீர் தெளித்ததும் ஓசை மாறினால் ஐயமில்லை. முன்புறத்தில் உறுமல் கேட்டால், பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் குறை வாட்டர் பம்பிலோ டைனமோவிலோ உள்ளது. ஆரியங்காவு ஏற்றத்தில் டாப் கியரில் இழுக்கையில், தகரப் பெட்டியில் சில்லறையைக் குலுக்கியது போன்று கேட்டால், எரிபொருள் உரிய முறையில் எரியாமல் வெடிக்கிறது என்று பொருள். உடனே கியரைக் குறைப்பது நலம். பிறகு இக்னிஷன் டைமிங்கையும், உள்ளே படிந்த கரியையும் கவனிக்க வேண்டும். இன்றைய கார்கள் பலவற்றில் அந்த ஓசையைக் கேட்டறிந்து டைமிங்கைத் தானே திருத்தும் உணர்கருவி உண்டு. பழைய வண்டிக்கு அந்தக் கருவி ஓட்டுபவரின் செவிதான்.

ஓடும் என்ஜினருகே குனியும் ஆலிம் பெருமக்கள் தோள்துண்டை முதலில் கழற்றி வைத்துவிடுக. விசிறி யாருக்கும் மரியாதை காட்டாது. பிளக் வயரை வெறுங்கையால் தொடாதீர்கள்.

1206இல் தியார்பக்கிரில் அல் ஜஸரி அவர்கள் பொறிகளைப் பற்றி எழுதி முடித்த நூலின் அரபுப் பெயரிலேயே இல்மும் அமலும் இணைந்து நிற்கின்றன. அறிவும் செயலும் பிரியலாகாது என்பது அவர் கொள்கை. கம்ப்யூட்டரை இணைத்துப் பழுதைப் படிக்கும் இன்றைய பட்டறைகளில் இளைஞர்கள் திறமையானவர்களே. ஆனால் கார்புரேட்டர் காலத்து வண்டியில் கம்ப்யூட்டரை இணைக்க வாய்க்கால் இல்லை. அதனைச் செவியால் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்து வருகின்றனர். ஓதலை உஸ்தாதின் வாய் கேட்டுத்தான் கற்கிறோம். ஏட்டைப் பார்த்து மட்டும் அது வருவதில்லை. இக்கல்வியும் அத்தகையதே. உங்கள் ஊரில் அப்படி ஒரு முதியவர் இருப்பாராயின், விடுமுறை நாளில் உங்கள் பிள்ளையை அவர் பட்டறைக்கு அனுப்பி வையுங்கள். அவன் மெக்கானிக் ஆகாவிட்டாலும் பாதகமில்லை. தீர்ப்புச் சொல்வதற்கு முன் கேட்க வேண்டும் என்பதையாவது கற்று வருவான்.